அசையாச் சொத்து

மணல்மேடு நடக்கும் என்பது மணல்மேட்டுக்குத் தெரியும், கடற்காற்றுக்குத் தெரியும், வாச்சருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது மணல்மேடு பாதுகாப்பு அலுவலகத்துக்கு மட்டும்தான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மேட்டைக் காப்பதென்று அரசாங்கம் முடிவெடுத்தபோது, சட்டைக்கு அளவெடுப்பதுபோல் அதைச் சுற்றி அளந்து முப்பத்திரண்டு எல்லைக் கற்களை நட்டார்கள். கல்லுக்கு உள்ளே இருக்கும் பறவை, பல்லி, நண்டு, அடம்பங்கொடி எல்லாம் அரசாங்கத்தின் செல்லப்பிள்ளைகள். கல்லுக்கு வெளியே இருப்பவற்றை அவற்றைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கற்கள் நட்ட இடத்தில் நின்றன. மேடு நிற்கவில்லை. கடலிலிருந்து வீசும் காற்று, மேட்டின் முதுகிலிருந்து ஒவ்வொரு மணலாக எடுத்து முன்னால் போட்டது. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து அடி. கிழக்குப் பக்கத்துக் கற்கள் ஒவ்வொன்றாக மணலுக்குள் புதைந்தபோது ‘கல் காணவில்லை’ என்று அலுவலகம் ஒரு கோப்பு திறந்தது. பல வருஷம் கழித்து மேடு கடந்துபோய், அதே கற்கள் பின்பக்கமாக வெளியே தலைகாட்டியபோது ‘கல் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று அந்தக் கோப்பை மூடியது. நடுவில் அந்தக் கல்லின் தலைமேல் ஏறி நடந்துபோனது என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாச்சர் அங்கே காவல் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம். எல்லையோரத்தில் சோதனைச்சாவடியை ஒட்டி இரண்டு அறை கொண்ட அரசாங்க வீடு. அதில் அவரும் மனைவியும். காலையில் எழுந்ததும் மேட்டைச் சுற்றி வருவார். எல்லைக்குள் நட்டிருந்த ‘மணல்மேட்டில் ஏறாதீர்கள்’ என்ற பலகை இப்போது கட்டாந்தரையில் தனியாக நின்றது. ஏறுவதற்கு அந்தப் பலகையை விட்டால் அங்கே வேறொன்றும் கிடையாது.

மேடு போன இடத்துக்கு உப்புக்கொத்திகளும் போயிருந்தன. கைப்பிடிக்குள் அடங்கும் சின்னப் பறவை. மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு. மேட்டின் அடிவாரத்தில், இராவணன் மீசைப் புல்லுக்கு நடுவே, காலால் ஒரு குழி பறித்துக் கிளிஞ்சல் துண்டுகளைப் பரப்பி மூன்று முட்டை இடும். யாராவது கிட்டே வந்தால் சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு தரையில் நொண்டும். வந்த ஆள் ‘அடடா, அடிபட்டிருக்கே’ என்று அதன் பின்னால் போவான். கூட்டை விட்டு வெகுதூரம் கூட்டிப்போனதும் ஜம்மென்று பறந்துவிடும்.

அவற்றில், கழுத்துக் கறுப்புப் பட்டையில் ஓரிடம் விட்டுப்போயிருந்த ஒருத்திக்கு ‘நடிகை’ என்று வாச்சர் பெயர் வைத்திருந்தார். நாய், மனிதன் எது வந்தாலும் நடிகையின் நொண்டலைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் வாச்சரிடம் மட்டும் நடிக்கமாட்டாள். அவர் வந்தால் முட்டையை விட்டு எழுந்து, இரண்டடி தள்ளி நின்று, எண்ணிக்கொண்டு போ என்பதுபோல் பார்ப்பாள். அவர் எண்ணிவிட்டு நகர்ந்ததும் போய் உட்கார்ந்துகொள்வாள்.

“ஒரு பொம்பளை உங்களை நம்புறாளே, அதுவே பெரிசு” என்று மனைவி கிண்டல் செய்வாள். வாச்சருக்கு அதில் உள்ளுக்குள் பெருமைதான். வாழ்க்கையில் அவருக்கு யாரும் கொடுத்த பெரிய விருது அது.

வருஷாவருஷம் கூடுகளை எண்ணிப் படிவத்தில் எழுதுவார். அந்த வருஷப் படிவத்தில் ‘எந்தக் கல்லுக்கு உள்ளே’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். வாச்சர் வெள்ளந்தி. உள்ளதை எழுதினார்: ‘கூடுகள் பதினான்கு. எல்லைக்குள் ஒன்றும் இல்லை. மேடு முழுவதும் எல்லையை விட்டு நகர்ந்துவிட்டது.’

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, மறுநாளே தலைமை எழுத்தரிடமிருந்து அழைப்பு வந்தது.

தலைமை எழுத்தரின் அறையில் ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்று அதிகாரிகளுக்கு. வாச்சர் பத்தொன்பது வருஷமாக அதன் பின்னால் நின்றுதான் பேசியிருக்கிறார்.

“என்னய்யா எழுதியிருக்க? மேடு நகர்ந்திருச்சா?”

“ஆமா சார். நகர்ந்திருச்சு.”

தலைமை எழுத்தர் ஒரு கனத்த பதிவேட்டை எடுத்து மேசைமேல் போட்டார். “அட்டையில என்ன போட்டிருக்கு, படி.”

“அசையாச் சொத்துப் பதிவேடு.”

“உள்ள, முதல் வரிசை?”

“மணல்மேடு, ஒன்று. உயரம் ஒன்பது மீட்டர்.”

“அசையாச் சொத்துன்னா என்ன?”

“அசையாத சொத்து சார்.”

“அசையாதது எப்படிய்யா அசையும்? தமிழ் தெரியுமா தெரியாதா உனக்கு?”

“காத்துல தள்ளிக்கிட்டே போகுது சார். நீங்க ஒரு நடை வந்து பார்த்தீங்கன்னா...”

“நான் எதுக்கு வரணும்? இதோ இந்த பீரோ அசையும் சொத்துப் பதிவேட்டுல இருக்கு. நாலு பேர் முட்டுக்கொடுத்துத் தள்ளினாலும் அசையாது. அதுக்காக இதை அசையாச் சொத்துன்னு நான் எழுதினேனா? எழுத்துக்கு ஒரு மரியாதை வேணும்யா.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்த அலுவலகத்தில் ஏட்டுச் சுரைக்காய் மட்டுமே சுரைக்காய். கொடியில் காய்த்தது ஆக்கிரமிப்பு.

விஷயம் இயக்குநர்வரை போனது. அவர் கூட்டம் போட்டார். சர்வேயர் எழுந்து, மேடு நகர்ந்திருந்தால் கற்களைப் பிடுங்கி மேட்டைச் சுற்றி நட்டுவிடலாமே என்ற யோசனை வரக்கூடும் என்றும், வரக்கூடாது என்றும் சொன்னார்.

“கல்லு அசையும் சொத்து சார். ஆனா அதை அசைக்கக் கூடாது. மேடு அசையாச் சொத்து. அது அசைஞ்சிருக்குன்னு வாச்சர் சொல்றார். ரெண்டையும் ஒரே கோப்புல வச்சா கோப்பு தாங்காது சார்.”

இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் பேசினார். “முப்பது வருஷமா இந்த அலுவலகம் அந்த மேட்டை உயிராப் பாதுகாத்துட்டு வருது. நான் பொறுப்புக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நேர்ல போய் அதைத் தொந்தரவு பண்ணினது கிடையாது. வனவிலங்குகளுக்கு நாம செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். இன்னிக்கு ஒரு தனி மனுஷனோட கண்ணை நம்பி அந்தப் பாரம்பரியத்தை உடைக்க வேண்டியிருக்கேன்னு மனசு வலிக்குது.”

மனசு வலித்தாலும் புறப்பட்டார். ஆய்வு விதிப்படி மேட்டின் உச்சியிலிருந்துதான் பார்வையிட வேண்டும். உச்சி ஒன்பது மீட்டர். எல்லைக்குள்ளோ தரை தோசைக்கல்போல் மட்டமாகக் கிடந்தது. விதியை மீற முடியாதல்லவா, தீயணைப்பு நிலையத்திலிருந்து ஏணி வந்தது. நாலு பேர் தாங்கிப் பிடிக்க, இயக்குநர் கட்டாந்தரையின் நடுவே ஒன்பது மீட்டர் ஏறினார்.

“மேட்டோட உச்சியை அடைஞ்சாச்சுன்னு எழுதிக்கங்க. கொஞ்சம் ஆடுது” என்று மேலிருந்து கத்தினார். தலைமை எழுத்தர் ‘மேடு அசையவில்லை, ஏணி அசைந்தது’ என்று எழுதிக்கொண்டார். ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டிருந்த வாச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உச்சியிலிருந்து இயக்குநர் தொலைநோக்கியைத் திருப்பினார். “கிழக்கால ஏதோ பெரிய மணல் குவியல் தெரியுதே, அது யாரோடது?”

“அதுதான் சார் மேடு” என்றார் வாச்சர்.

“நான் மேட்டு மேல நிக்கிறேன்யா” என்றார் இயக்குநர்.

இறங்கிய பிறகு அந்தக் குவியலையும் ஒரு பார்வை பார்த்துவிடுவதென்று எல்லாரும் நடந்தார்கள். பாதி வழியில் நடிகை புல்லுக்குள்ளிருந்து வந்து, சிறகை இழுத்து, கீச்சுக் கீச்சென்று கத்தி, இயக்குநரின் காலடியில் உருண்டாள்.

“ஐயோ பாவம், அடிபட்டிருக்கு. எல்லைக்கு உள்ளயா, வெளியவா?”

“வெளியில சார்” என்றார் சர்வேயர்.

“அப்போ நம்ம மேல பொறுப்பு இல்ல.”

“அடிபடலை சார், நடிக்குது” என்றார் வாச்சர்.

இயக்குநரின் முகம் சுருங்கியது. “அரசாங்க அதிகாரி முன்னாடியா?”

கூட்டின் பக்கம் போக வேண்டாமென்று வாச்சர் அவர்களை நடிகையின் பின்னாலேயே நடத்திக்கொண்டு போனார். இருவரும் சேர்ந்து ஒரு அலுவலகத்தையே ஏமாற்றிவிட்டதில் அவருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பின்னால் நினைத்தபோதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது.

ஆய்வின் பலன் பத்தாம் நாள் தெரிந்தது. மணல்மேட்டின் அருமையை மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ‘மணல்மேடு விளக்க மையம்’ கட்டப்போகிறார்கள். எல்லைக்குள் கட்டக்கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். அதனால் எல்லைக்கு வெளியே கிழக்கில், வரைபடத்தில் வெற்றுநிலம் என்று காட்டியிருக்கும் இடத்தில் கட்டுவது. அங்கே கிடக்கும் உரிமை கோரப்படாத மணல் குவியலை முதலில் அகற்றுவது.

வாச்சர் அலுவலகத்துக்கு ஓடினார். “சார், பதினாலு கூடு இருக்கு. எல்லாத்துலயும் முட்டை இருக்கு. பொரிக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாசம். அதுவரைக்குமாவது நிறுத்தி வையுங்க சார்.”

தலைமை எழுத்தர் கொடூரமான ஆள் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிதானமாக விளக்கினார்.

“இது முதல் தாள். மேடு இருந்த இடத்திலேயே இருக்கு, பதினாலு கூடும் எல்லைக்குள்ள நல்லா இருக்குன்னு நீ கொடுக்கிற சான்று. இது வந்தாத்தான் கட்டட வேலை ஆரம்பிக்கலாம். இது ரெண்டாவது தாள். உன் காவல்ல இருந்த அசையாச் சொத்தைத் தப்பவிட்டுட்டேன்னு உன் மேல குற்றச்சாட்டு. இதை ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டா விசாரணை வரும். விசாரணை முடியறவரைக்கும் அந்தப் பக்கம் ஒரு மண்வெட்டி விழாது. எப்படியும் ரெண்டு வருஷம். உன் முட்டை பொரிஞ்சு, குஞ்சு வளர்ந்து, அதுவும் முட்டை போட்டுடும். ஆனா அன்னிக்கே உன்னை சஸ்பெண்ட் பண்ணுவாங்க. வீட்டைக் காலி பண்ணணும். யோசிச்சு நாளைக்கு வா.”

சாயங்காலம் வாச்சர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“இதுல யோசிக்க என்னங்க இருக்கு? ரெண்டாவதுல போடுங்க.”

“வீடு?”

“பெரிய அரண்மனை பாருங்க. மழை பெஞ்சா பாதி வீடு வெளியதான் இருக்கு. எங்க அண்ணன் வீட்டு மாடியில ஒரு ரூம் சும்மா கிடக்கு. நானும் தையல் மெஷினும் இருக்கோம். உங்க மேடே கிளம்பிப் போயிருச்சு, நீங்க மட்டும் என்ன அசையாச் சொத்தா?”

சொன்னதோடு நிற்கவில்லை. பரணிலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கி, அன்றைக்கே பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். வாச்சருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வழியெல்லாம் ‘ரெண்டாவது, ரெண்டாவது’ என்று சொல்லிக்கொண்டே போனார்.

அறைக்குள் நுழைந்து வழக்கம்போல் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தலைமை எழுத்தரோடு இயக்குநரும் இருந்தார். இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார்.

“ஏன் நிக்கிறீங்க? உட்காருங்க.”

வாச்சர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. தன்னைத்தான் சொல்கிறார்.

“அட, உட்காருங்கங்க. பத்தொன்பது வருஷம் வெயில்ல நின்னவர் நீங்க. உங்களைவிட இந்த நாற்காலிக்கு யாருக்கு உரிமை இருக்கு? காபி சொல்லட்டுமா?”

வாச்சர் உட்கார்ந்தார். மெத்தை வைத்த நாற்காலி, ஒரு விரல் அளவு அமுங்கியது. சர்வேயர் உள்ளே எட்டிப் பார்த்தவர், அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். உட்கார்ந்த ஆளாக இருந்து அந்த அறையைப் பார்க்கும்போது பீரோகூட வேறு மாதிரித் தெரிந்தது. இயக்குநர் பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். முதல் தாளை அவர் முன்னால் நகர்த்தினார். ஒருவரும் மிரட்டவில்லை. அடித்துக் கேட்டிருந்தால்கூட முடியாது என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. ‘நீ’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய் ‘நீங்க’ என்று கூப்பிட்டதும், மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவாக இருக்கும்போல் அவருக்குத் தோன்றிவிட்டது.

கையெழுத்துப் போட்டார். காபி வந்தது. குடித்தார். அதில் சர்க்கரை சரியாக இருந்தது என்பதுவரை அவருக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால் எழுந்து எங்கேயாவது போய்விடலாம்போல் இருக்கும்.

வீட்டில் மனைவி பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

“போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

எதில் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டாள். “என் மனுஷன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியை எடுத்தாள். மூன்று நாள் அவர் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

நான்காம் நாள் காலை புல்டோசர் வந்தது. சத்தம் கேட்டு மனைவி ஜன்னலுக்கு வந்தாள். மேட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.  உள்ளே போய், கட்டிய கயிற்றை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

அந்தப் பாத்திரச் சத்தம் தாங்காமல் வாச்சர் மேட்டுக்கு ஓடினார். புல்டோசருக்குக் குறுக்கே நின்று கையை விரித்தார். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“என்னங்க?”

“கூடு இருக்குங்க. முட்டை இருக்கு. இப்ப வேண்டாம்... இன்னும் கொஞ்ச நாள்...”

“கூடா? எனக்குக் கொடுத்த தாள்ல அப்படி இல்லையே.” நல்ல மனுஷர். சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தே காட்டினார். “பாருங்க, பதினாலு கூடும் எல்லைக்குள்ள பத்திரமா இருக்குன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்திருக்கார். நேர்ல பார்த்துச் சொன்னவராம். அவர் வந்து இல்லைன்னு சொல்லட்டும், இப்பவே வண்டியைத் திருப்பிடறேன். யாருங்க அவர்? உங்களுக்குத் தெரியுமா?”

தாளின் அடியில் வாச்சரின் கையெழுத்து இருந்தது.

“தெரியலைங்க” என்றார் வாச்சர்.

அவர் நகர்ந்து நின்றார். வண்டி போனது. பதினான்கு இடத்திலிருந்தும் பறவைகள் வந்து வண்டியின் முன்னால் சிறகை இழுத்துக்கொண்டு நொண்டின. புல்டோசர் இளகி எந்தப் பறவையின் பின்னாலும் போகவில்லை; நேராகவே போனது.

ஒரு வருஷத்தில் மையம் எழும்பிவிட்டது. மேட்டு மணலெல்லாம் அஸ்திவாரத்துக்குள் போயிருந்தது. கூடத்தின் நடுவே சிமெண்டில் ஒரு மணல்மேடு செய்து, மஞ்சள் வண்ணம் அடித்து, அதன்மேல் சுண்ணாம்பு உப்புக்கொத்தி ஒன்றை உட்கார வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் அது கத்தும். கூரை இடித்ததால் மேட்டின் உயரம் நாலு மீட்டர்தான் வந்தது. பதிவேட்டில் ஒன்பது என்றே எழுதினார்கள்.

திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார். “இயற்கை செஞ்ச மேடு நகரும்னு சிலர் பயமுறுத்தினாங்க. நாங்க செஞ்ச மேடு நகராது. எந்தக் காத்து வேணா வரட்டும். இயற்கை விட்ட குறையை இந்த அலுவலகம் சரி பண்ணியிருக்கு. இதுக்கெல்லாம் ஒரே ஒருத்தரோட நேர்மையான சான்றுதான் காரணம்.” பிறகு வாச்சரை மேடைக்கு அழைத்து, மேட்டுக் கண்காணிப்பாளர் என்று பதவி உயர்வு கொடுத்தார். சிமெண்ட் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்க ஒரு நாற்காலியும் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாச்சர் அந்தப் பார்வையிலிருந்து தப்பி, பின்வாசல் வழியாக வெளியே வந்தார். கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. அதன் விளிம்பில் நடிகை நின்றாள்.

முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவள்தான். கழுத்துக் கறுப்பில் அதே விட்டுப்போன இடம். “வந்துட்டியா” என்றார். இரண்டடி எடுத்து வைத்தார். அவள் எழுந்து தள்ளி நின்று, எண்ணிக்கொண்டு போ என்று பார்ப்பாள் என எதிர்பார்த்தார்.

நடிகை அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு சிறகைத் தரையில் சாய்த்தாள். கீச்சென்று கத்தினாள். ஒடிந்த சிறகை இழுத்துக்கொண்டு, விழுந்து எழுந்து, ஜல்லியை விட்டு அந்தப் பக்கமாக நொண்டினாள். நாய்க்கு நடித்த அதே நடிப்பு. இயக்குநருக்கு நடித்த அதே நடிப்பு.

வாச்சருக்கு முகம் எரிந்தது. ஒன்றும் தெரியாத அசலூர்க்காரன்போல் அவள் பின்னாலேயே நடந்தார். அவள் நின்றால் நின்றார், நொண்டினால் நடந்தார். பதினேழாம் எல்லைக் கல்வரைக்கும் கூட்டிப்போய், அங்கே அவரை விட்டுவிட்டு அவள் ஜம்மென்று பறந்துபோனாள்.

அவர் ஜல்லியின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கூடு இருக்கும் இடம் தெரிந்துவிடும். தெரிந்தால் படிவத்தில் எழுத வேண்டியிருக்கும்.